நீர்நாய்: ஒரு பழைய கேள்விக்குப் பதில்

ஜவ்வாது மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியராக இருந்தபோது நடந்தது இது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மருதத் திணை நடத்திக்கொண்டிருந்தேன். உள்ளுறை உவமம் என்றால் என்னவென்று விளக்க, ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய ஒரு பாட்டை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். பொய்கையில் தங்கியிருக்கும் நீர்நாய், மீன் நாற்றம் போகாமலேயே மறுநாள் இரைக்கு வாளை மீனைத் தேடிப் போகிறது. அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்த தலைவன் பரத்தையர் வீட்டுக்குப் போய்விட்டு, அந்த வாடையோடு திரும்பி வருகிறான். என் அழகே அழிந்தாலும் சரி, பிறரைத் தழுவிய மார்பு எனக்கு வேண்டாம் என்கிறாள் தலைவி. நீர்நாய் என்பது தலைவன், புலால் நாற்றம் என்பது அவனுடைய ஒழுக்கக்கேடு. கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதிக் காட்டினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மலையாளி இனத்துப் பையன். (ஜவ்வாது மலையின் பழங்குடியினருக்கு அதுதான் பெயர். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.)

"ஐயா, நீர்நாய்னா இன்னா ஐயா?"

"தண்ணீரில் இருக்கும், நாய் மாதிரி ஒரு விலங்கு."

"அது நம்ம ஆத்துல கீதா ஐயா?"

வகுப்பு சிரித்தது. "அதெல்லாம் அந்தக் காலம், உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

உள்ளுறையைச் சொன்ன நான் விலங்கைச் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதுவரை நான் நீர்நாயைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பையன் கேட்ட இரண்டாவது கேள்வி சரியான கேள்வி என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது. அதற்குப் பதில் தேடப் போனதில் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நம் புலவர்களிடமே திரும்பிப் போனேன். இந்த முறை திணை, துறை பார்க்காமல் விலங்கை மட்டும் பார்த்துப் படித்தேன். ஐங்குறுநூறு, குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, புறநானூறு என்று பல தொகைகளில் நீர்நாய் வருகிறது. குறுந்தொகையில் ஔவையார் பாடியிருக்கிறார், அகநானூற்றில் பரணர் பாடியிருக்கிறார். பெரும்பாலும் அது பிடிப்பது வாளை மீன். இந்த வாளை கடலில் கிடைக்கும் நாடா போன்ற வாளை அல்ல. ஆற்றிலும் ஏரியிலும் வாழும், செதில் இல்லாத, ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய பெரிய கெளுத்தி இன மீன். அதுவே மற்ற மீன்களை விழுங்கி வாழ்வது. அதைப் பிடிக்கும் விலங்கு எவ்வளவு வேகமும் வலுவும் உள்ளதாக இருக்க வேண்டும்!

நற்றிணையில் ஒரு நெய்தல் பாட்டில் கழிமுகத்து இளம் நீர்நாய் கொழுத்த மீனைத் தின்றுவிட்டுத் தில்லை மரப் புதரில் படுத்து உறங்குகிறது. தில்லை என்பது பிச்சாவரம் பக்கம் உப்பங்கழிகளில் இன்றும் நிற்கும் மரம். நீர்நாய் நன்னீரில் மட்டுமல்லாமல் கழிமுகங்களிலும் வாழும், இரை தேடி முடித்ததும் கரையோரப் புதரில் ஓய்வெடுக்கும் என்று இன்றைய விலங்கியல் நூல்கள் சொல்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய புலவரும் அதையேதான் சொல்கிறார்.

புலவர்கள் அந்த நாற்றத்தைச் சொன்னதும் கற்பனை அல்ல. இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆற்றில் நீர்நாய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முதலில் விலங்கைத் தேடுவதில்லை, அதன் எச்சத்தைத் தேடுகிறார்கள். நீர்நாய்க் கூட்டம் கரையில் ஒரு பாறையையோ மணல் திட்டையோ தேர்ந்தெடுத்து, எல்லாம் அங்கேயே போய்க் கழிக்கும். மீன் செதிலும் முள்ளும் கலந்த அந்த எச்சத்தின் கவிச்சி வாடை தூரத்திலேயே தெரிந்துவிடும். அது அந்தக் கூட்டத்தின் எல்லைக்கல், மற்ற கூட்டங்களுக்கு எழுதி வைத்த கடிதம். நம் புலவர்கள் அந்தக் கரையில் நடந்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறொன்று. நீர்நாயை அவர்கள் குறிஞ்சியில் தேடவில்லை, பெரும்பாலும் மருதத்தில் வைத்தார்கள். மருதம் என்றால் காடு இல்லை. வயல், வாய்க்கால், பொய்கை, ஊர். அதாவது பெண்கள் நீராடுகிற, எருமை படுத்திருக்கிற அதே ஊர்க் குளத்தில் நீர்நாயும் இருந்தது. யானையைப் போலவோ புலியைப் போலவோ தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய விலங்காக அது இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் போல இருந்தது. அதனால்தான் வீட்டுச் சண்டைக்கு அதை உவமை சொல்ல முடிந்தது.

எங்கள் மலைக்கும் ஒரு சங்கப் பாட்டு உண்டு. பத்துப்பாட்டில் கடைசியான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. அதில் வரும் சேயாறுதான் ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக இறங்கும் இன்றைய செய்யாறு. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில், மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் கூத்தருக்கு என்னென்ன உணவு கிடைக்கும் என்று பட்டியல் போடும் இடத்தில், வலைஞர்கள் பிடித்த வாளையும் தூண்டிலில் சிக்கிய பெரிய வராலும் வருகின்றன. வரால் எவ்வளவு பெரிது என்பதற்குப் பெண் யானையின் துதிக்கையை உவமை சொல்கிறார் புலவர். கொஞ்சம் மிகை என்று வைத்துக்கொண்டாலும், எங்கள் ஆற்றுப் பாசன வயல்களில் அத்தகைய மீன்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. வாளை இருந்த இடம் நீர்நாய்க்கு ஏற்ற இடம்.

அடுத்து நான் தேடியது, வெளிநாட்டார் எப்போது இந்த விலங்கைப் பதிவு செய்தார்கள் என்பதை. அதில் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது.

1816-ஆம் வருடம் லெஷெனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் புதுச்சேரிக்கு வந்தார். 1822 வரை இந்தப் பக்கம் இருந்து, தென்னிந்தியா, இலங்கை எல்லாம் சுற்றி, செடிகளையும் விலங்குகளையும் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பினார். அவர் வழியாகப் போனவற்றில் நீர்நாயும் ஒன்று. புகழ்பெற்ற ஜார்ஜ் கூவியேயின் தம்பி ஃபிரெடெரிக் கூவியே 1823-இல் அதை விவரித்து ஒரு அறிவியல் பெயர் சூட்டினார்: லூட்ரா நாயிர். லூட்ரா என்பது லத்தீனில் நீர்நாய். 'நாயிர்' எங்கிருந்து வந்தது? புதுச்சேரிக்காரர்கள் அந்த விலங்கை அழைத்த பெயரான 'நீர்நாய்' என்பதுதான் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்து அப்படி ஆனது. ரோமன் எழுத்தில் பார்த்தால் கேரளத்து நாயர் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக் குழம்பினேன். ஜவ்வாது மலை மலையாளிகளுக்கு நேர்ந்த அதே பெயர்க் குழப்பம்!

இன்றைக்கும் ஐரோப்பா முதல் ஆசியா வரை பரவியுள்ள நீர்நாய் இனத்தில், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய துணையினத்துக்கு இதுதான் பெயர். அதன் மூல ஊர் என்று நூல்களில் பதிவாகியிருப்பது புதுச்சேரி. ஓரம்போகியாரும் பரணரும் சொன்ன சொல், கொஞ்சம் சிதைந்த உருவில், உலகத்து விலங்கியல் நூல்களில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் நான் இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் எவ்வளவு மகிழ்ந்திருப்பான்!

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் குறிப்புகளில் நீர்நாய் மனிதரோடு பழகும் விலங்காகவே வருகிறது. பிஷப் ஹீபர் (பின்னாளில் 1826-இல் திருச்சிராப்பள்ளியில் இறந்தவர்) 1824-இல் வங்காளத்தில் படகில் போகும்போது, ஆற்றங்கரையில் மூங்கில் முளைகளில் வரிசையாகக் கட்டி வைத்திருந்த நீர்நாய்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். மீனவர்கள் அவற்றை வளர்த்து, மீன்களை வலைக்குள் விரட்டப் பழக்கியிருந்தார்கள். வங்கதேசத்தில் சுந்தரவனத்துப் பக்கம் அந்தத் தொழில் நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி 1867-இல் ஒரு நூல் வெளியிட்டார். மலபார் கடற்கரையில் வேலை பார்த்தபோது அவர் ஒரு நீர்நாய்க் குட்டியை வளர்த்தாராம். அது நாய் போல அவர் பின்னாலேயே நடக்கும், கடலில் குதித்து விளையாடும். வளர வளர கடைத்தெருவுக்குப் போய் மீன்காரர்களிடம் கை வரிசையைக் காட்டத் தொடங்கிவிட்டது. பொறுக்க முடியாமல் அதை ஒரு பெட்டியில் அடைத்து, படகில் ஏழெட்டு மைல் தூரம் உப்பங்கழி வழியே கொண்டுபோய் வயல்வெளியில் விட்டுவிட்டு, வேறு வழியாகத் திரும்பினார். அன்று இரவே ஊரில் மொகரம் விழாப் பந்தலில் அவர் உட்கார்ந்திருந்தபோது, அது கூட்டத்தின் நடுவே நடந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இப்படி ஊரோடு ஒட்டி வாழ்ந்த விலங்கு எப்படி மறைந்தது? உலகம் முழுக்க முதல் காரணம் அதன் தோல். குளிர்ந்த நீரிலும் உடல் நனையாமல் காக்கும் அடர்ந்த ரோமம் அதற்கு இயற்கை கொடுத்த கொடை. அதுவே அதற்கு எமனாகவும் ஆனது. பசிபிக் பெருங்கடலின் வடக்குக் கரைகளில் வாழும் கடல் நீர்நாய்க்கு, ஒரு சதுர அங்குலத் தோலில் பத்து லட்சம் வரை முடிகள் உண்டு. 1741-இல் பெரிங் தலைமையில் போன ரஷ்யப் பயணக் குழுவினர் அந்தத் தோல்களைக் கொண்டுவந்த பிறகு வேட்டை தொடங்கியது. லட்சக்கணக்கில் இருந்த விலங்கு, 1911-இல் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓரிரு ஆயிரம்தான் மிஞ்சியிருந்தது.

அது போனபின் கடலுக்கு என்ன ஆனது என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ஜேம்ஸ் எஸ்டெஸ், ஜான் பால்மிசானோ என்ற இருவர் அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளில் ஆய்வு செய்து 1974-இல் வெளியிட்டார்கள். கடல் நீர்நாய் மீண்டும் பெருகியிருந்த தீவுகளைச் சுற்றிக் கடலுக்கடியில் பெரும் பாசிக் காடுகள் இருந்தன. அவற்றில் மீனும் மற்ற உயிர்களும் நிறைந்திருந்தன. நீர்நாய் இல்லாத தீவுகளைச் சுற்றிக் கடலடி மொட்டையாகக் கிடந்தது. காரணம் கடல் முள்ளெலி எனப்படும் சிறு உயிர். அது பாசியைத் தின்னும், நீர்நாய் அதைத் தின்னும். தின்பவன் போனதும் அது பெருகிக் காட்டையே மேய்ந்துவிட்டது. ஆடு மேய்க்க ஆளில்லாத தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆற்று நீர்நாய்க்கு இந்தக் கணக்கை அப்படியே போட்டுவிடக் கூடாது. கடல் வேறு, ஆறு வேறு. ஆற்றில் அது செய்யும் வேலை இத்தனை நாடகத்தனமானது அல்ல. எளிதில் கிடைக்கும் மீனை, பெரும்பாலும் மந்தமானதையும் ஏராளமாக இருப்பதையும் அது பிடிக்கிறது. நீரிலிருந்து எடுத்த சத்தைக் கரையில் எச்சமாகக் கொண்டு சேர்க்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஆறு நலமாக இருக்கிறதா என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஆற்று நீர்நாய் ஒன்று நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் தின்னும். எட்டு உருப்படி உள்ள ஒரு குடும்பம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 3 டன். இவ்வளவு மீன் ஆண்டுதோறும் கிடைக்க வேண்டுமானால் அந்த ஆற்றில் கோடையிலும் வற்றாத மடுக்கள் இருக்க வேண்டும். மீன் முட்டையிடப் புல்லும் நாணலும் வேண்டும். குட்டி போட கரையில் வேர்களுக்கு அடியிலோ பாறை இடுக்கிலோ வளை வேண்டும். உடலை உலர்த்திப் புரள மணல் திட்டு வேண்டும். தண்ணீரில் நஞ்சு இருக்கக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் நீர்நாய் இருக்காது.

நஞ்சைப் பற்றிச் சொல்ல இங்கிலாந்தின் கதை ஒன்று இருக்கிறது. அங்கே நாய்க் கூட்டத்தை வைத்து நீர்நாய் வேட்டையாடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. எத்தனை நாள் போனோம், எத்தனை நீர்நாய் கண்டோம் என்று வேட்டைக் கழகங்கள் ஒழுங்காகக் கணக்கு எழுதி வைத்தன. 1957 வாக்கில் திடீரென்று அந்த எண்ணிக்கை சரிந்தது. பால் சானின், டான் ஜெஃப்ரீஸ் என்ற இருவர் அந்த வேட்டைக் கணக்குகளையே ஆராய்ந்து 1978-இல் காரணத்தைச் சொன்னார்கள். 1955-ஐ ஒட்டி விதை நேர்த்திக்கும் ஆட்டு உண்ணிக்கும் புழக்கத்துக்கு வந்த டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லிதான் அது. வயலிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு, கடைசியில் நீர்நாயின் கொழுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. துப்பாக்கியும் நாயும் பல நூற்றாண்டுகளாகச் செய்யாததை ஒரு மருந்து சில வருடங்களில் செய்துவிட்டது. 1977-79 கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் தேடிய இடங்களில் நூற்றுக்கு ஆறு இடங்களில்தான் நீர்நாயின் தடயம் கிடைத்தது. மருந்தைத் தடை செய்தார்கள், ஆறுகளைச் சுத்தம் செய்தார்கள், 1978-இல் வேட்டையையும் நிறுத்தினார்கள். 2011-இல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களுக்கும் நீர்நாய் திரும்பிவிட்டதாக அறிவிப்பு வந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பாலாறு நினைவுக்கு வந்தது. ஜவ்வாது மலையின் வடக்குச் சரிவில் விழும் மழை பாலாற்றுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது செய்யாற்றிலும் கமண்டல நாகநதியிலும் இறங்கி, கடைசியில் திருமுக்கூடலில் அதே பாலாற்றில் கலக்கிறது. மலையின் தென்மேற்கு நீர் தென்பெண்ணைக்குப் போகிறது. மேலே இருந்து பார்த்தால் மூன்று பக்கமும் நீர் கொடுக்கும் தாய்மடி இந்த மலை. கீழே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் தொழிலின் கழிவு பல பத்தாண்டுகள் பாலாற்றில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996 அன்று தீர்ப்பளித்தது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வரும் முன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்திய நாட்டின் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது அந்தத் தீர்ப்புதான். சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம் மாவட்டத்து ஆறு நாட்டுக்கே சட்டம் கொடுத்தது. தன் தண்ணீரை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

கழிவு ஒரு பக்கம் என்றால், மணல் மறுபக்கம். மணல் போன ஆற்றில் மழை நீர் நிற்பதில்லை, மடு இல்லை, கரை இடிகிறது. வருடத்தில் பெரும்பகுதி நாள் வெறும் தடமாகக் கிடக்கும் ஆற்றில் நீர்நாய் எங்கே இருக்கும்? நான் மலையில் இருந்த வருடங்களிலும் அதன்பின் போய்வந்த நாட்களிலும் ஒரு நீர்நாயைக் கண்டதில்லை.

கண்டது சிங்கப்பூரில். சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, காலை நடைக்குப் பீஷான் பூங்காவுக்குப் போவேன். ஒரு நாள் காலை ஆற்றோரம் கூட்டமாக நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஏழு நீர்நாய்கள். பெரியதும் சின்னதுமாகத் தண்ணீரில் ஒரே வரிசையில் போய், மீனை வளைத்து, கரையேறித் தலையிலிருந்து கடித்துத் தின்றன. பிறகு மணலில் புரண்டன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின. எனக்கு இரண்டடி தள்ளிப் போனபோது அந்த வாடை வந்தது. ஓரம்போகியாரின் வாடை. பக்கத்தில் நின்ற மகளிடம், "அம்மாடி, இதைத்தான்மா நான் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவை நம் காவிரியில் வாழும் அதே ஆற்று நீர்நாய் இனம். சிங்கப்பூரில் 1970-களில் அவை ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. அங்கே ஆறுகள் சாக்கடையாகக் கிடந்தன. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடக் கெடு விதித்தார். பன்றிப் பண்ணைகள், பட்டறைகள், கழிவுக் குழாய்கள் எல்லாம் அகற்றப்பட்டு, 1987-க்குள் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் தெளிந்தன. 1998-இல் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் ஒரு நீர்நாய் ஜோடி குடும்பம் நடத்தத் தொடங்கியது. பீஷானில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக இருந்த சிமெண்ட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து போகும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். அதற்கடுத்த இரண்டு வருடத்தில் நீர்நாய் அங்கே வந்துவிட்டது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. தண்ணீர் சரியானதும் அதுவே வந்தது. இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டு வண்ண மீன் குளங்களில் புகுந்து தின்றுவிடுகின்றன என்று புகாரும் வருகிறது. ஜெர்டன் காலத்து மீன்காரர்கள் சொன்ன புகார்தான்.

இங்கேதான் எனக்கு மருதத் திணை மறுபடி புரிந்தது. நீர்நாய் மனிதனைக் கண்டு ஓடவில்லை. மனிதன் கெடுத்த தண்ணீரைக் கண்டுதான் போனது. கோடிக்கணக்கில் விலையுள்ள வீடுகளுக்கு நடுவே வாழ முடிகிற விலங்கு, நம் வயலோரக் குளத்தில் வாழ்ந்ததில் என்ன அதிசயம்?

நம் மாநிலத்திலும் அது முற்றாகப் போய்விடவில்லை. காவிரி, பவானி, மோயாறு என்று நீர் ஓடும் ஆறுகளில் ஆற்று நீர்நாய் இருக்கிறது. ஆனைமலை, நீலகிரி போன்ற மலை ஓடைகளில் நண்டைத் தின்று வாழும் மிகச் சிறிய இனம் ஒன்று இருக்கிறது. உலகத்து நீர்நாய்களிலேயே சிறியது அதுதான். கூவியே நம் சொல்லால் பெயர் வைத்த அந்த மூன்றாவது இனம் ஆனைமலைப் பகுதியில் இருப்பதை மரபணுச் சோதனை மூலம் உறுதி செய்து 2018-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கர்நாடகம் 2015-இல் துங்கபத்திரை ஆற்றில் 34 கிலோமீட்டர் நீளத்தை நீர்நாய்க்கென்றே காப்பகமாக அறிவித்தது. தமிழ்நாடு 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தபோது, அங்கு காக்கப்பட வேண்டியவற்றில் நீர்நாயையும் குறிப்பிட்டது. ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் அது தொலைவே இல்லை, இரண்டு மாவட்டம் தாண்டினால் காவிரி. 2019-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் ஆற்று நீர்நாயையும் அந்தச் சிறிய இனத்தையும் வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கடத்துவதை அறவே தடை செய்தன. தோலுக்கு மட்டுமல்ல, வீட்டில் செல்லமாக வளர்க்கவும் குட்டிகளைத் திருடி விற்றதுதான் காரணம். சட்டம் இருக்கிறது. வெடி வைத்து மீன் பிடிப்பதும், மருந்து கலந்து மடுவைக் கலக்குவதும், ஆற்று மணல் போவதும் நிற்கவில்லை என்றால் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன். அவனுக்கும் இப்போது ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று நான் சொன்னது பதில் இல்லை, தப்பித்தல். இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்:

தம்பி, நீர்நாய் நம் ஊர் விலங்கு. அதன் பெயரே நம் மொழியிலிருந்துதான் உலகத்துக்குப் போயிருக்கிறது. நம் ஆற்றில் அது வாழ என்ன வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். சித்திரையிலும் வற்றாத மடு, மணல், நாணல், மீன், நஞ்சில்லாத நீர். இவையெல்லாம் நீர்நாய்க்கு மட்டும் வேண்டியவை அல்ல, உன் சாமைக் கொல்லைக்கும் கீழே உள்ள நெல் வயலுக்கும் வேண்டியவைதான். அடுத்த முறை செய்யாற்று மடுவுக்கோ நாகநதிப் பாறைக்கோ போனால், காலையில் போய்ப் பார். பாறை மேல் மீன் செதில் கலந்த எச்சம் இருக்கிறதா என்று தேடு. கவிச்சி வாடை வருகிறதா என்று பார்.

வந்தால் எனக்கு ஒரு வரி எழுது. உள்ளுறை எதுவும் கேட்க மாட்டேன்.